இடது பக்க சிங்க் மட்டும்

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எனக்குக் கோபம் மூக்கு மேல இருக்கும். பொறுமைங்கிற சாமான் எங்க வீட்டுல எந்த அலமாரியில இருக்குன்னு என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும்னு என் வீட்டுக்காரி சொல்லுவா. குழாய் ரிப்பேர் பண்றவன் நான். இருபது வருஷமா ஊரார் அழுக்குத் தண்ணியில கையை விட்டுத்தான் பிழைப்பு. ஆனா இப்போ சொல்லப் போறது என்னைப் பத்தி இல்லை, அட்டை அக்காவைப் பத்தி. அந்தப் புண்ணியவதிக்கு நான் ஒரு கெடுதல் பண்ணினேன். அதையும் மறைக்காமச் சொல்லிடறேன். கேட்டுட்டு என்னைத் திட்டணும்னா திட்டிக்கங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன்.

அக்கா வேலை பார்த்தது ஒரு ஆராய்ச்சிக் கட்டடத்துல. மூணு மாடி, மாடிக்குப் பதினஞ்சு லேப். லேப்புல சிங்க் ஒழுகும், ஏசி நிக்கும், விளக்கு அணையும். அப்போ எங்களை மாதிரி ஆளுங்க உள்ளே போகணும். எந்த பாட்டில்ல என்ன இருக்குன்னு எங்களுக்கு என்ன தெரியும்? தண்ணி மாதிரி இருக்கும், தோலை உரிச்சிடும். மாவு மாதிரி இருக்கும், மூச்சை அடைச்சிடும். படிச்ச பிள்ளைங்க எல்லாத்தையும் போட்டது போட்டபடி விட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. நாங்க அந்த மேஜைக்கு அடியில மல்லாக்கப் படுத்துக்கிட்டு ஸ்பானரைத் திருப்பணும். அதுக்கு முன்னாடி அந்த இடத்தை மனுஷன் தொடற மாதிரி ஆக்கிக் கொடுக்கணும்ல? அதுதான் அக்காவோட வேலை.

அது சும்மா துடைச்சுப் பெருக்குற வேலைன்னு நினைச்சுடாதீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன், முட்டாப்பய. முதல்ல பாட்டில் எல்லாத்தையும் எடுத்து ஒரு தள்ளுவண்டியில வச்சு அடுத்த ரூமுக்குக் கொண்டு போவாங்க. உடைஞ்ச கண்ணாடி இருந்தா இடுக்கியால பொறுக்குவாங்க. மேஜையை சோப்புத் தண்ணி போட்டு ரெண்டு தடவை, வெறும் தண்ணியில ஒரு தடவை துடைப்பாங்க. கேஸை மூடி, அந்தப் பிடிக்கு ஒரு பூட்டு. பிளக்கைக் கழட்டி அதுக்கு ஒரு பூட்டு. ரெண்டு சாவியும் அவங்க இடுப்புல. சிங்க்ல இருபது நிமிஷம் தண்ணியைத் திறந்து விட்டு, கடைசியா ஒரு சின்ன சோதனைத் தாளை நனைச்சு, நிறம் மாறுதான்னு ஜன்னல் பக்கம் வச்சுப் பார்ப்பாங்க. இதெல்லாம் முடிஞ்சதும் அந்த சிங்க்குக்கு அடியில, என்னை மாதிரி ஆள் எப்படிப் படுப்பானோ அதே மாதிரி அவங்களே ஒரு தடவை படுத்துப் பார்ப்பாங்க. "உன் மூஞ்சி எங்கே இருக்குமோ அங்கே என் மூஞ்சியை வச்சாத்தானே எனக்குத் தெரியும், தம்பி"ம்பாங்க. அப்புறம்தான் அட்டை.

அட்டைன்னா பச்சைக் கலர்ல உள்ளங்கை அளவு. எந்த ரூம், எந்தச் சாமான், என்ன செஞ்சாச்சு, எதைத் தொடக் கூடாது, எத்தனை மணி வரைக்கும் செல்லும், எல்லாம் பென்சில்ல எழுதி, கீழே கையெழுத்துப் போடுவாங்க. பேனாவுல எழுதினா தண்ணி பட்டுக் கலைஞ்சிடுமாம். மத்த இடத்துல இப்படி அட்டை எழுதினா கதவுல மாட்டுவாங்க. அக்கா மாட்ட மாட்டாங்க. நான் கழட்ட வேண்டிய மூடி எதுவோ, அதுலயே நூலைச் சுத்தி ரெட்டை முடிச்சு போட்டுக் கட்டிடுவாங்க. அந்த நூலை வெட்டாம ஸ்பானரை வைக்க முடியாது. "ஏன்க்கா இப்படி உயிரை எடுக்கறீங்க, கதவுல தொங்க விட்டா ஆகாதா?"ன்னு கத்தியிருக்கேன். "கதவைத் தட்டிட்டுப் போறவன்தான் கதவுல இருக்கிறதைப் படிப்பான். நீ கதவை உதைச்சுத் திறக்கிறவன்"னு சிரிக்காமச் சொல்லுவாங்க. இன்னொரு சட்டமும் உண்டு. கட்டினவங்க வெட்டக் கூடாது. "நான் கட்டணும், நீ படிச்சுட்டு வெட்டணும். ஒரே ஆள் ரெண்டையும் செஞ்சா அதுல ரெண்டாவது கண்ணு எங்கே இருக்கு?"ம்பாங்க.

இதெல்லாம் போதாதுன்னு ஒரு கூத்து வேற. லேப் கதவுக்குப் பக்கத்துல தலைக்கு மேல ஒரு ஷவர் இருக்கும். மேல ஏதாவது கொட்டிட்டா ஓடிப் போய் சங்கிலியை இழுக்கணும், தண்ணி கொட்டும். ஒவ்வொரு தடவையும் நான் வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, சிங்க்ல இருந்து அந்த ஷவர் வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு நடக்கச் சொல்லுவாங்க. நாப்பது வயசு ஆம்பளை, பிள்ளைங்க கண்ணாமூச்சி ஆடுற மாதிரி கையை நீட்டிக்கிட்டு நடக்கணும். ஏசி மெக்கானிக் வாசல்ல நின்னு, "பார்த்து மாமா, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி இருக்கு"ன்னு கிண்டல் பண்ணுவான். எனக்குப் பத்திக்கிட்டு வரும். அக்கா அசைய மாட்டாங்க. "கண்ணுல பட்டா கண்ணு தெரியாதுல்ல? கால்தான் போகணும். எண்ணு"ம்பாங்க. எண்ணுவேன், திட்டிக்கிட்டே எண்ணுவேன்.

ஒரு நாள் நான் சீக்கிரமா வந்துட்டேன். ரூம் கதவு சாத்தியிருந்துச்சு, உள்ளே அக்கா பேசுற சத்தம். "கேஸ்... மூடியாச்சு. பூட்டு... போட்டாச்சு. கண்ணாடி... ஆமா, பொறுக்கியாச்சு, அந்த மூலையிலயும் பார்த்தாச்சு." கூட யாரோ இருக்காங்கன்னு நினைச்சு வெளியிலேயே நின்னேன். கதவு திறந்துச்சு. உள்ளே யாரும் இல்லை. "யார்கூட அக்கா பேசிக்கிட்டு இருந்தீங்க?"ன்னேன். "என்கூடத்தான்"னாங்க. அப்போதான் எனக்கு ஒண்ணு உறைச்சது. படிச்சவங்க வெளியே போனதும் இவங்க உள்ளே வருவாங்க. நாங்க உள்ளே வந்ததும் இவங்க வெளியே போயிடுவாங்க. முப்பது வருஷமா அந்த அம்மா வேலை பார்த்ததெல்லாம் ஆள் இல்லாத ரூம்லதான். மத்தியானச் சாப்பாடுகூட ரெண்டாவது மாடிப் படிக்கட்டு திரும்புற இடத்துல, சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான்.

வீட்டுலயும் தனிதான். கல்யாணம் ஆகலை. இருபத்தி ரெண்டு வயசுல பாட்டில் கழுவுற வேலைக்குச் சேர்ந்தவங்க. அப்பா போனதுக்கு அப்புறம் அம்மாவைப் பார்த்துக்கிட்டே காலம் ஓடிருச்சு. தம்பி ஒருத்தர் உண்டு, வேற ஊர்ல குடும்பத்தோட இருக்கார், வாரத்துக்கு ஒரு போன். கடைசி நாலு வருஷம் அம்மாவுக்கு ஞாபகம் போயிடுச்சு. அடுப்பைப் பத்த வச்சுட்டு மறந்துடுவாங்களாம், குழாயைத் திறந்துட்டுப் போயிடுவாங்களாம், பெத்த மகளையே "நீங்க யாரு, உட்காருங்க"ன்னு சொல்லுவாங்களாம். ஒரு தடவை நான் சிங்க்குக்கு அடியில வளைஞ்சு இருக்கிற குழாயை, ட்ராப்புன்னு சொல்லுவோம், கழட்டிக்கிட்டு இருந்தப்போ கதவுக்கு வெளியில நின்னுக்கிட்டு அக்கா சொன்னாங்க. "எனக்கு எந்த வியாதி வந்தாலும் பரவாயில்லை தம்பி. அது மட்டும் வரக் கூடாது. நான் மறந்தா எனக்கு ஞாபகப்படுத்த வீட்டுல ஆள் இல்லை." நான் "உங்களுக்கெல்லாம் அது வராதுக்கா, நீங்க எங்களையே மறக்க விட மாட்டேங்கறீங்க"ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டேன்.

இதைத் தெரிஞ்சுக்கிட்டேதான் நான் அந்தக் காரியத்தைப் பண்ணினேன். அதைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

ரெண்டாவது மாடி, இருநூத்திப் பதினாலாம் நம்பர் ரூம். அங்கே ரெண்டு சிங்க், பக்கத்துல பக்கத்துல. சிங்க் ஒழுகுதுன்னு மட்டும் சொல்லிக் கூப்பிட்டிருந்தாங்க, ஒழுகினது இடது பக்கம். அக்கா வழக்கம் போல முக்கால் மணி நேரம் என்னைக் காக்க வச்சு, நடக்க வச்சு, அட்டையைக் கட்டிக் கொடுத்துட்டுப் போனாங்க. நான் நூலை வெட்டி, அட்டையை பேன்ட் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு, இடது பக்க ட்ராப்பைக் கழட்டி வாஷரை மாத்தி முடிச்சுட்டேன். நிமிர்ந்து பார்த்தா வலது பக்க சிங்க்ல தண்ணி தேங்கி நிக்குது. அடைப்பு. அட்டையில அதைப் பத்தியும் எழுதியிருந்தாங்க, நான் படிச்சும் இருந்தேன். வலது பக்கம் இன்னிக்குத் தொடாதே, நாளைக்குன்னு. நாளைக்குன்னா மறுபடியும் வரணும், மறுபடியும் முக்கால் மணி நேரம், மறுபடியும் கண்ணாமூச்சி. அடச்சீ, அஞ்சு நிமிஷ வேலை, ஒரு கையோட முடிச்சுட்டுப் போயிடலாம்னு தோணுச்சு. எங்க தொழில்ல இந்தத் தப்பைப் பண்ணாதவன் எவனும் இல்லை, ஒரு அட்டைக்கு ரெண்டு வேலை.

மூடியை அரைச் சுத்து திருப்பினேன். தேங்கி நின்னது தண்ணி இல்லை. எந்தப் பிள்ளை ஊத்தின ஆசிடோ, மொத்தமா என் வலது கை மேலயும் கழுத்து மேலயும் கொட்டுச்சு, துளி கண்ணுலயும் தெறிச்சது. கத்தினேனா, என்ன பண்ணினேன்னு ஞாபகம் இல்லை. கண்ணைத் திறக்க முடியலை. ஆனா காலு தானா நடந்துச்சுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு... ஒன்பதாவது அடியில கையைத் தூக்கினேன், சங்கிலி கையில இருந்துச்சு. ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னார், "பத்து விநாடி தாமதிச்சிருந்தா கண்ணு போயிருக்கும்"னு. கை மட்டும்தான் வெந்துச்சு, முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும்.

அந்தக் கட்டடத்துல ஒரு விதி உண்டு. அட்டை இல்லாத சாமானைத் தொட்ட வேலைக்காரன் அன்னிக்கே வெளியே, திரும்ப உள்ளே விட மாட்டாங்க. எனக்குப் பாதி வேலை அங்கேதான். ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு அதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன். பாதுகாப்பு அதிகாரி வந்தார், நோட்டும் பேனாவுமா. "எந்த சிங்க்ல அட்டை கட்டியிருந்துச்சு?"ன்னு கேட்டார். நான் சொன்னேன், "வலது பக்கம் சார்." "அட்டை எங்கே?" "ஆசிட்ல விழுந்து கரிஞ்சு போச்சு சார்." அட்டை அப்போ கட்டிலுக்கு அடியில, என் ஈர பேன்ட் பாக்கெட்டுல இருந்துச்சு. அவ்வளவு தண்ணி பட்டும் ஒரு எழுத்துகூடக் கலையலை, பென்சில்ல.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டாங்க. கையில கட்டோட போய் உட்கார்ந்தேன். அக்காவோட ரெஜிஸ்டரை எடுத்து வச்சாங்க. அதுல "214, சிங்க், 1"ன்னு மட்டும் இருந்துச்சு. விவரமெல்லாம் அட்டையிலதான் எழுதுவாங்க. அதிகாரி கேட்டார், "ஒண்ணுன்னா எது?" அக்கா, "ஒரு சிங்க்னு அர்த்தம் சார். இடது பக்கம்தான் கட்டினேன்னு நினைக்கிறேன்"னாங்க. "நினைக்கிறீங்களா, தெரியுமா?" அக்கா என்னைப் பார்த்தாங்க. என் கையைத்தான் பார்த்தாங்க, மூஞ்சியைக்கூட இல்லை. வேற யாரா இருந்தாலும் சத்தியம் பண்ணியிருப்பாங்க, மேஜையைத் தட்டியிருப்பாங்க. இந்த அம்மாவுக்குப் பொய் வராது, பாதி உண்மையும் வராது. மெதுவாச் சொன்னாங்க. "இடதுன்னுதான் ஞாபகம். ஆனா தம்பி வலதுன்னு சொல்லுது. அதுக்குக் கை வெந்திருக்கு. எனக்கு... தெரியலை சார்."

தெரியலைன்னு அவங்க சொன்னப்பவே நான் வாயைத் திறந்திருக்கலாம். அந்த இடத்துலயே திறந்திருக்கலாம். நான் கட்டுப் போட்ட கையைத் தடவிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அட்டையில கையெழுத்துப் போடற வேலையை அவங்ககிட்ட இருந்து எடுத்துட்டாங்க. கீழ்த்தளத்துல சாமான் அறைக்கு அனுப்பிட்டாங்க, முப்பது வருஷத்துக்கு முன்னாடி பார்த்த அதே பாட்டில் கழுவுற வேலை. வேற ஊர்ல இருக்கிற கூடப் பிறந்த தம்பிகிட்ட அக்கா இதைச் சொன்னாங்களாம். அந்த மனுஷன், "விடுக்கா, உனக்கும் வயசாகுதுல்ல, அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சது"ன்னு ஆறுதல் சொன்னாராம். ஆறுதலாம் ஆறுதல்! இதை ஏசி மெக்கானிக்தான் எனக்குச் சொன்னான். மாடியில புதுசா ஒருத்தர் அட்டை கொடுத்தார், அச்சடிச்ச அட்டை, கதவுல மாட்டிட்டு டீ குடிக்கப் போயிடுவார். மெக்கானிக் ஒரு நாள் எங்கிட்ட சொன்னான், "மாமா, இப்பெல்லாம் உள்ளே போறப்போ எனக்கு பயமா இருக்கு. அக்கா இருந்தப்போ திட்டிக்கிட்டே தைரியமாப் போவேன்."

இதுல கொடுமை என்ன தெரியுமா? ஒவ்வொரு மாசமும் ஒண்ணாம் தேதி காலையில ஏழரை மணிக்கு அக்கா எனக்கு போன் பண்ணுவாங்க. "தம்பி, கை எப்படி இருக்கு?" அவ்வளவுதான். ஆறிக்கிட்டு இருக்குன்னு சொல்லுவேன். "வெயில்ல காட்டாதே"ன்னு சொல்லிட்டு வச்சிடுவாங்க. ஒரு தடவை மருந்து வாங்கி வாசல் காவலாளிகிட்ட எனக்காகக் கொடுத்துட்டுப் போயிருந்தாங்க. என் கையை வேக வச்சது அவங்கதான்னு அந்த அம்மா நம்பிக்கிட்டு இருந்தாங்க. நான் அந்த மருந்தையும் தடவிக்கிட்டேன், வெட்கம் கெட்டவன்.

அட்டையைத் தூக்கிப் போட்டிருக்கலாம். நாலு தடவை கிழிக்கப் போனேன், கை வரலை. டூல்ஸ் பெட்டியில அடித்தட்டுல, வாஷர் டப்பாவுக்குக் கீழே போட்டு வச்சேன். வீட்டுக்காரிகிட்ட மட்டும் ஒரு நாள் சொல்லிட்டேன். அவ சாப்பாட்டுத் தட்டைக் கீழே வச்சா. "அந்த அம்மா சொல்லிக் கொடுத்த நடையிலதான் உனக்குக் கண்ணு இருக்கு. அந்தக் கண்ணால அவங்களை எப்படிப் பார்க்கப் போறே?"ன்னு கேட்டா. ரெண்டு நாள் எங்க வீட்டுல கரண்டி சத்தம் மட்டும்தான்.

எட்டாவது மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில போன் வந்துச்சு. ஒண்ணாம் தேதி இல்லையேன்னு பார்த்தேன். "தம்பி, கை எப்படி இருக்கு?"ன்னு கேட்டுட்டு, "வீட்டுல மெயின் வால்வு உடைஞ்சு போச்சு. எனக்குத் தெரிஞ்ச குழாய் வேலைக்காரர் நீ ஒருத்தன்தான். கை வலிச்சா வேண்டாம்"னாங்க. பெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன்.

மூணாவது மாடியில ஒரு ரூம், ஒரு அடுப்படி, ஒரு குளியலறை. உள்ளே நுழைஞ்சதும் எனக்கு ஒண்ணும் புரியலை. கேஸ் அடுப்போட பிடியில ஒரு அட்டை, நூலால கட்டியிருக்கு. "மூடியாச்சு. 6.40." இஸ்திரிப் பெட்டி வயர்ல ஒண்ணு. "கழட்டியாச்சு. நேத்து 8.15." பின்கதவுத் தாழ்ப்பாள்ல ஒண்ணு. மருந்து டப்பாவுல ஒண்ணு, "காலை மாத்திரை போட்டாச்சு." பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி, பென்சில்ல எழுதி, எல்லாத்துலயும் ரெட்டை முடிச்சு. ஜன்னல் ஓரமா ஒரு டப்பா நிறைய வெட்டின நூல் துண்டு.

"என்னக்கா இது?"ன்னேன்.

"செஞ்சேனா செய்யலையான்னு தெரிய மாட்டேங்குது தம்பி. எழுதிக் கட்டிட்டா பார்த்துக்கலாம்ல?" சாதாரணமாத்தான் சொன்னாங்க. "வெட்டறதுக்குத்தான் ஆள் இல்லை. நானே கட்டி நானே வெட்டிக்கிறேன். தப்புதான், என்ன பண்றது? வால்வும் அப்படித்தான் போச்சு. மூடினேனா மூடினேனான்னு எந்திரிச்சு எந்திரிச்சுத் திருகி, மரை தேஞ்சு கையோட வந்துருச்சு. எங்க அம்மா திறந்துட்டு மறந்தாங்க. நான் மூடிட்டு மறக்கிறேன்." இதைச் சொல்லி ஒரு சிரிப்பு வேற.

குளியலறையைக் காட்டினாங்க. வாளி, மக்கு எல்லாத்தையும் எடுத்து வெளியில வச்சிருந்தாங்க. தரையைத் துடைச்சுக் காய வச்சிருந்தாங்க. நான் முட்டி போடுற இடத்துல ஒரு பழைய போர்வையை நாலா மடிச்சுப் போட்டிருந்தாங்க. ஹீட்டர் பிளக்கைக் கழட்டிப் பூட்டு. தன் சொந்த வீட்டுக் குளியலறையை எனக்காக லேப் மாதிரி தயார் பண்ணி வச்சிருந்தாங்க. உடைஞ்ச வால்வுல அட்டை கட்டியிருந்துச்சு. படிச்சேன். எல்லாம் எழுதியிருந்துச்சு, கீழே கையெழுத்துப் போடற இடம் மட்டும் காலி.

"கையெழுத்துப் போடலையேக்கா."

"அது எனக்கு இப்போ வர மாட்டேங்குது, தம்பி. உன் கையைப் பார்த்ததுக்கு அப்புறம் வரலை. நீயே ஒரு தடவை எல்லாத்தையும் பார்த்துக்க. என்னை நம்பாதே."

பெட்டியைத் திறந்தேன். மேல் தட்டை எடுத்தேன், வாஷர் டப்பாவை எடுத்தேன். அந்தப் பச்சை அட்டையை எடுத்து அவங்க கையில கொடுத்தேன். "நீங்க இடது பக்கம்தான் கட்டினீங்க. நான்தான் படிச்சுட்டும் வலது பக்கத்தைத் திறந்தேன். வேலை போயிடும்னு பொய் சொன்னேன்"னேன். எவ்வளவோ பேசணும்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டு வந்தவனுக்கு அவ்வளவுதான் சொல்ல வந்துச்சு.

அக்கா ஜன்னல் பக்கம் போனாங்க, சோதனைத் தாளை வச்சுப் பார்ப்பாங்களே அதே மாதிரி. வாய் விட்டுப் படிச்சாங்க. "அறை 214. இடது பக்க சிங்க் மட்டும். இருபது நிமிஷம் தண்ணி விட்டாச்சு. தாள் நிறம் மாறலை. வலது பக்கம் அடைச்சிருக்கு, உள்ளே என்னன்னு தெரியாது. இன்னிக்குத் தொடாதே, நாளைக்கு. ஷவர், ஒன்பது அடி." கீழே அவங்க கையெழுத்து, நேரம், தேதி. மறுபடியும் முதல்ல இருந்து படிச்சாங்க. மூணாவது தடவையும் படிச்சாங்க. விரலால அந்த "இடது"ங்கிற எழுத்தைத் தடவிக்கிட்டே இருந்தாங்க.

"எட்டு மாசம்டா"ன்னாங்க. என்னை அவங்க ஒரு நாளும் டா போட்டுப் பேசினது இல்லை. "எட்டு மாசம் என் கையை நானே நம்பலைடா. எங்க அம்மா மாதிரி ஆயிடுவேன்னு, ஒவ்வொரு நாளும் எந்திரிச்சதும் என் பேரை நான் சொல்லிப் பார்த்துக்கிறேன்டா." அழுதாங்க. நின்னபடியே, அட்டையை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு, சத்தமா அழுதாங்க. அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அடிக்கலை. பக்கத்துல போய் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு என்ன யோக்யதை இருக்கு? சுவரோட ஒட்டி நின்னேன்.

அழுது முடிச்சு மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டாங்க. அலமாரியில இருந்து பென்சிலை எடுத்தாங்க. குளியலறைக்குள்ள போய், வால்வுல கட்டியிருந்த அட்டையைக் கையில பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணா வாய் விட்டுச் சொன்னாங்க. "பிளக்... கழட்டியாச்சு. பூட்டு... போட்டாச்சு. தரை... காஞ்சிருச்சு." அப்புறம் காலியா இருந்த இடத்துல கையெழுத்தைப் போட்டாங்க, நேரம் எழுதினாங்க. முடிச்சை இழுத்துப் பார்த்துட்டு வெளியே வந்து, என் மூஞ்சியைப் பார்க்காமச் சொன்னாங்க.

"படிச்சுட்டு வெட்டு."

படிச்சேன். ஒரு எழுத்து விடாமப் படிச்சேன். வெட்டினேன். புது வால்வு போட்டு முடிக்கிற வரைக்கும் அவங்க அடுப்படியில இருந்தாங்க. நான் பெட்டியை மூடிக்கிட்டுக் கிளம்பறப்போ கேஸ் பிடியைத் தாண்டித்தான் போகணும். அங்கே நின்னு என்னைக் கூப்பிட்டாங்க. "இதையும் வெட்டிட்டுப் போ." அதை வெட்டினேன். இஸ்திரிப் பெட்டி, தாழ்ப்பாள், மருந்து டப்பா, எல்லாத்தையும் வெட்டினேன். டீ கொடுக்கலை, போயிட்டு வான்னு சொல்லலை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

மறுநாள் காலையில அந்தப் பச்சை அட்டையை அதிகாரி மேஜையில வச்சேன். நானா அக்காகிட்ட கேட்டு வாங்கிக்கிட்டுப் போனேன்னு நினைக்காதீங்க, எனக்கு முன்னாடியே அவங்க அதிகாரி ரூம்ல போய் நின்னுட்டாங்க, அட்டை அவங்க கையிலதான் இருந்துச்சு. நான் உள்ளே போனதும் அதை என் கையில கொடுத்து, "நீயே கொடு"ன்னாங்க. கொடுத்தேன், நடந்ததைச் சொன்னேன், கையெழுத்துப் போட்டேன். அன்னிக்கே என்னை வெளியே அனுப்பிட்டாங்க. சரியாத்தான் செஞ்சாங்க.

அக்கா திரும்பவும் மாடிக்குப் போயிட்டாங்க. மெக்கானிக் பார்க்கறப்போ சொல்லுவான், இப்போ முன்னைவிட மோசமாம், ரெண்டு தடவை கண்ணை மூடி நடக்கச் சொல்றாங்களாம். மத்தியானம் அதே படிக்கட்டுத் திருப்பத்துல உட்கார்ந்து தனியாத்தான் சாப்பிடறாங்களாம். ரெஜிஸ்டர்ல மட்டும் இப்போ இடதா வலதான்னு எழுதறாங்களாம். ரூம் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே பேசற சத்தம் இன்னும் கேட்குதாம்.

நான் வேற இடத்துல வேலை பார்க்கிறேன். அங்கே அட்டையும் இல்லை, நூலும் இல்லை, உன் மூஞ்சி எங்கே இருக்கும்னு யோசிக்க யாரும் இல்லை. புதுசா எந்த இடத்துக்குப் போனாலும் முதல்ல தண்ணி எங்கே இருக்குன்னு பார்த்துட்டு, கண்ணை மூடிக்கிட்டு ஒரு தடவை நடப்பேன். பார்க்கிறவங்க சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்.

அதுக்கு அப்புறம் அக்காகிட்ட இருந்து போன் வரலை. வராதுன்னு எனக்கும் தெரியும். என் கையை வேக வச்சது அவங்க இல்லைன்னு ஆனதுக்கு அப்புறம் அதைப் பத்தி அவங்க ஏன் கேட்கணும்? ஆனாலும் ஒண்ணாம் தேதின்னா ஏழரை மணிக்கு போனைக் கையில எடுத்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். கை நல்லா ஆறிருச்சு அக்கா, வெயில்ல காட்டறதில்லை.